வாடகைப் பாய்மரமும் வாடைக்காற்றும்

திருவேற்காட்டில் மாதந்தோறும் நாம் கூடும் இலக்கியச் சந்திப்பில், சென்ற மாசி மாதத்து ஞாயிறு மாலை, நண்பர் ஒருவர் தம் பயணக் கட்டுரையை வாசித்தார். தாய்லாந்தின் புக்கெட் தீவில் பாய்மரப் படகொன்றை ஒரு வார காலத்துக்கு வாடகைக்கு எடுத்து, தீவு தீவாகத் தங்கி, மலேசியாவின் லங்காவி வரை சென்று வந்த கதை அது. நல்ல நடை. நீல நிறத்துக்கு மட்டும் ஏழெட்டு உவமைகள் இருந்தன. ஆளில்லாத தீவுகள், காலம் நின்றுபோன மாலைகள், பாய் விரிந்த கணத்தில் தமக்குள் ஏதோ அவிழ்ந்த உணர்வு என்று கட்டுரை நகர்ந்தது. இறுதியில் கடாரம் வந்தது. முதலாம் இராசேந்திரனின் கலங்கள் கடந்த அலைகளின் மேல் தாமும் கடந்ததை எண்ணிக் கண் கலங்கியதாக எழுதியிருந்தார். கைதட்டல் எழுந்தது. நாமும் தட்டினோம்.

நம்மோடு வந்திருந்த மாணவர் ஒருவர், எண்ணூர்ப் பக்கத்து மீனவர் குப்பத்துப் பிள்ளை, தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்: “ஐயா, அந்தப் படகு எந்தக் காத்துல ஓடிச்சு?”

நண்பர் சிரித்தார். “நல்ல காற்றுதான் தம்பி” என்றார். அவையும் சிரித்தது. மாணவர் அமர்ந்துவிட்டார். அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை.

அந்தச் சிரிப்பைக் குறித்தே இக்கட்டுரை. நண்பரைத் தனிப்பட்ட முறையில் தாக்குவது நம் நோக்கமன்று. அந்தச் சிரிப்பில் நம் பங்கும் இருந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒருவர் கடலுக்குப் போவதில் நமக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. புலவன் என்றால் வறுமையிலேயே உழல வேண்டும், பேராசிரியன் என்றால் குற்றாலத்தைத் தாண்டக் கூடாது என்னும் போலி அறவியலை நாம் ஏற்பதில்லை. தமிழ் நடுத்தர வர்க்கத்துக்குக் கடல் விடுமுறை எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் புறப்பட்டது. 2023 ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைத் துறைகளுக்கும் சென்றது. இனி இத்தகைய பயணங்கள் பெருகும், அவற்றைப் பற்றிய கட்டுரைகளும் பெருகும். ஆகவேதான் இவை எவ்வாறு எழுதப்படுகின்றன என்ற கேள்வியை இப்போதே எழுப்ப வேண்டியிருக்கிறது.

பாய்மரப் படகை வாடகைக்கு எடுப்பது என்றால் என்ன? படகோட்டும் தகுதிச் சான்று வைத்திருப்பவர்கள் வெறும் படகை மட்டும் எடுத்துத் தாமே ஓட்டிச் செல்லலாம். மற்றவர்கள், அதாவது நம் நண்பரைப் போன்றவர்கள், ஓட்டுநரோடும் சில சமயம் சமையற்காரரோடும் சேர்த்து எடுக்கிறார்கள். காலையில் நங்கூரம் தூக்கி, சில மணி நேரம் ஓடி, மதியத்துக்குமேல் காற்று மறைந்த ஏதேனும் தீவின் ஓரத்தில் மீண்டும் நங்கூரம் இடுவார்கள். காற்று ஒத்துவராதபோது இயந்திரம் ஓட்டும். ஏழு நாளுக்குள் குறித்த துறையைச் சேர்ந்தாக வேண்டும் என்பதால் இயந்திரத்தின் தேவை அடிக்கடி நேரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏழு நாளும் பாயைப் பார்த்து, கயிற்றை இழுத்து, வானத்தைக் கணித்து, பவளப்பாறைக்கும் படகுக்கும் நடுவே எத்தனை முழம் தண்ணீர் இருக்கிறது என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர் அந்தப் படகில் இருந்தார். நண்பரின் கட்டுரையில் அவருக்குப் பெயர் இல்லை. ‘கேப்டன்’ என்று மூன்று இடங்களில் வருகிறார். ஒருமுறை மீன் வறுக்கிறார். ஒருமுறை புன்னகைக்கிறார். மற்றொருமுறை கைகாட்டுகிறார். ஏழு நாள் ஓர் உயிரை இன்னொரு மனிதனின் கையில் ஒப்படைத்துவிட்டு, அவன் எந்த ஊரான், யாரிடம் தொழில் கற்றான் என்று கேட்காமல் திரும்பிவந்த ஒருவர் தம்மைப் பயணி என்று அழைத்துக்கொள்ளலாமா?

நண்பர் சென்ற படகு இரட்டை உடல் கொண்டது. அதை உலகமே ‘கேட்டமரான்’ என்கிறது. நம் கட்டுமரம்தான் அது என்று நண்பர் பெருமிதத்தோடு ஒரு பத்தி எழுதியிருந்தார். சொல் நம்முடையது என்பது உண்மை. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் இச்சொல் நிலைபெற்ற வரலாற்றில் அந்நூலுக்கு இடமுண்டு. ஆனால் பொருள் வேறு. நம் கட்டுமரம் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டத்தால் இணைக்கும் வடிவம் பசிபிக் பெருங்கடல் தீவு மக்களுடையது. இன்றைய சுற்றுலாப் படகுகள் பெரும்பாலும் கண்ணாடியிழையில் வார்க்கப்படுபவை. அவற்றில் பெயர்பெற்றவை பிரான்சின் அட்லாண்டிக் கரையோரப் பட்டறைகளிலிருந்து வருகின்றன. ஆக, நம் கரையிலிருந்து போனது சொல் மட்டுமே. சொல்லுக்கு உரியவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்து குவிந்த கண்ணாடியிழைப் படகுகளால், அவர்களுடைய கட்டுமரங்களும் சென்னைக் கரையில் அருகிப்போயின. ஒரு சொல் உலகைச் சுற்றிவருவதில் பெருமைப்படும் நாம், அச்சொல்லைக் கட்டிய கைகளைப் பற்றி என்ன அறிந்திருக்கிறோம்?

அடுத்து, ‘ஆளில்லாத தீவுகள்’. புக்கெட்டிலிருந்து லங்காவி செல்லும் வழியில் லிப்பே என்றொரு சிறு தீவு உண்டு. நண்பர் அங்கே ஓர் இரவு தங்கியிருக்கிறார். அது உராக் லாவோய் என்னும் கடல் மக்கள் வாழும் தீவு. புக்கெட்டின் ரவாய் கடற்கரையிலும் அவர்கள் இருக்கிறார்கள். தலைமுறைகளாகத் தாம் குடியிருக்கும் நிலத்துக்குப் பத்திரம் காட்டச் சொல்லி வந்தவர்களோடு இரு இடங்களிலும் அவர்கள் போராட வேண்டியிருந்திருக்கிறது. வடக்கே சூரின் தீவுகளில் அவர்களுடைய உறவினரான மோக்கன் மக்கள் வாழ்கிறார்கள். 2004 டிசம்பர் 26 காலை கடல் உள்வாங்கியதைக் கண்டதும், மூதாதையர் சொல்லிவைத்த கதையை நினைவுகூர்ந்து மேட்டுக்கு ஓடி உயிர்தப்பியவர்கள் அவர்கள். அதே காலையில் அதே அலை நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. தமிழில் எழுதும் ஒருவர் அந்தக் கடலில் ஏழு நாள் மிதந்துவிட்டு, இதை ஒரு வரியிலும் நினைக்காமல் எழுதி முடிக்க முடிகிறதென்றால், அவர் பார்த்தது கடலையன்று, கடலின் விளம்பரப் படத்தை.

நண்பர் நினைத்தது கடாரத்தை. லங்காவி இன்றைய கெடா மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால் கடாரத்தை நினைப்பதில் பிழையில்லை. ஆனால் கடாரத்தை நினைப்பதற்கு உழைப்பு எதுவும் தேவைப்படுவதில்லை. அது நமக்குத் தயாராகக் கிடைக்கும் பெருமிதம். 1025இல் நிகழ்ந்த ஒரு படையெடுப்பை நாம் ஆயிரம் ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கிறோம். 2025இல் கங்கைகொண்ட சோழபுரத்தில் அதற்கு விழா எடுத்தார்கள். அந்தமானின் தலைநகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியபோது சோழர் கடற்படையின் பெயர் சொல்லப்பட்டது. இராசேந்திரன் தாக்கிய பேரரசின் பெயரும் ஸ்ரீவிஜயம்தான் என்பது குறித்து அவ்வளவாகப் பேச்சில்லை.

அதே கரையில், புக்கெட்டுக்கு வடக்கே தக்குவா பா என்னும் இடத்தில், ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டினதாகக் கருதப்படுவது. அவனிநாரணம் என்னும் குளத்தைப் பற்றியும், மணிக்கிராமத்தார் முதலியோர் அதற்குக் காவல் என்பது பற்றியும் அது பேசுகிறது. படையெடுப்புக்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே நம் வணிகர்கள் அந்தக் கரையில் தங்கிக் குளம் பேணியிருக்கிறார்கள். தங்கியவர்களுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. வென்றவனை நினைத்துக் கலங்கிய கண், குளம் வெட்டியவர்களை நினைத்து ஏன் கலங்கவில்லை?

நம் இலக்கிய உலகில் இன்று இரண்டு கடல்கள் இருக்கின்றன. ஒன்று புலிக்கொடிக் கடல், மற்றது விடுமுறைக் கடல். முதலாவதில் மன்னன் நிற்கிறான், இரண்டாவதில் நாம் நிற்கிறோம். இரண்டிலும் படகோட்டி இல்லை, காற்றுக்குப் பெயர் இல்லை. மாணவர் கேட்ட கேள்வி இவ்விரண்டு கடல்களுக்கும் வெளியே இருந்து வந்தது. அதனால்தான் அவைக்கு அது வேடிக்கையாகப் பட்டது.

அந்தக் கேள்விக்கு விடை உண்டு. நண்பர் சென்றது தை மாதம். அந்தமான் கடலில் கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை வீசுவது வடகிழக்குப் பருவக்காற்று. நம் கரையில் அதன் வடக்குக் கூறை வாடை என்பார்கள், கிழக்குக் கூறைக் கொண்டல் என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே சென்ற கலங்களை மீண்டும் தமிழ்க் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது இந்தக் காற்றே. நண்பரின் பாயை நிறைத்ததும் இதுவே. மணிக்கிராமத்தார் வீடு திரும்பிய காற்றின் மேல் அமர்ந்துகொண்டு, அதற்கு ‘இதமான தென்றல்’ என்று பெயர் வைத்தார் நண்பர். தென்றல் தெற்கிலிருந்து வருவது. ஏழு நாளும் அவர் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்!

“ஓர் எளிய மகிழ்ச்சிக் கட்டுரையில் இத்தனை பாரத்தை ஏற்றலாமா? ஒருவன் ஓய்வெடுக்கப் போன இடத்திலும் வரலாற்றுத் தேர்வு எழுத வேண்டுமா?” என்று சந்திப்பு முடிந்ததும் வேறொரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓய்வெடுப்பவர் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஆனால் அவர் ஓய்வெடுத்ததோடு நில்லாமல், அதை எழுதி, இலக்கிய வாசகர் முன் வைத்து, கடலனுபவம் என்று பெயரிட்டார். அப்போது அது மதிப்பிடப்படும். தவிரவும், நாம் கேட்பது பாரத்தையன்று. கவனித்தலை. மகிழ்ச்சிக்கும் கவனித்தலுக்கும் பகையில்லை. எந்தக் காற்று என்று தெரிந்த பின் காற்று குறைவாக இனிக்கப் போவதில்லை.

முன்னுதாரணம் இல்லையென்றும் சொல்ல முடியாது. ப. சிங்காரம் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர். மெடானில் கழிந்த இளமையிலிருந்து ‘புயலிலே ஒரு தோணி’யை எழுதினார். 1972இல் நூலாக வந்தது. தொங்கானில் செல்லும் பயணமும் புயலும் அதில் வரும் பக்கங்களை வாசித்தவர்கள் அறிவார்கள், அங்கே கடல் ஒரு பின்னணிச் சீலை அன்று. கலத்தைச் செலுத்துவோரின் குரலும் பயணிகளின் அச்சமும் சரக்கின் கணக்கும் ஒன்றாக வருகின்றன. அந்தக் கடலும் இந்த அந்தமான் கடலை அடுத்ததே. ஒரு வாரம் போனவரிடம் சிங்காரத்தை எதிர்பார்ப்பது அநியாயம் என்றால், சிங்காரத்தை வாசித்திருப்பதையாவது எதிர்பார்க்கலாம்.

இனி நம் பக்கம் திரும்புகிறோம்.

நாம் இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் நெய்தல் திணை கற்பிக்கிறோம். இரங்கலும் இரங்கல் நிமித்தமும் என்று தொடங்குவோம். புன்னை, தாழை, அன்னம், உப்பங்கழி. தலைவி காத்திருப்பாள், தோழி தேற்றுவாள். வகுப்பில் கடலோரப் பிள்ளைகள் எப்போதும் இருவர் மூவர் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் நாம் எழுப்பி, உன் வீட்டில் காற்றுக்கு என்ன பெயர் சொல்வார்கள் என்று கேட்டதில்லை. திணையை அவர்களுக்கே கற்பித்தோம். ‘கடல்புரத்தில்’ 1977இலும் ‘ஆழி சூழ் உலகு’ 2004இலும் வந்தன. தூத்துக்குடித் தோணித் தொழிலை மையமாகக் கொண்ட ‘கொற்கை’ 2009இல் வந்து, 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அப்போது ‘கொற்கை’யைப் பற்றி நாமும் பேசினோம். வட்டார வழக்கு கடினமாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டோம். பருமல் என்றால் என்ன, ஆஞ்சான் என்றால் என்ன என்று கேட்டறியச் சென்னையிலிருந்து தூத்துக்குடிவரை போக வேண்டியதில்லை. நம் வகுப்பின் கடைசி வரிசைவரை போயிருந்தால் போதும்.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலின் கதையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர், சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்து நூல் எழுதிப் புகழ்பெற்றவர், அதை விலைக்கு வாங்கினார். ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றப்பட்ட அக்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதை ஓட்டிச்சென்றவர்களில் வல்வெட்டித்துறைத் தமிழர்கள் இருந்தார்கள். நம் காலத்துக்கு நூறாண்டுகூட ஆகாத செய்தி. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கடாரம் நம் நாவில் நிற்கிறது, இது நிற்கவில்லை. இதில் மன்னன் இல்லை என்பதைத் தவிர வேறென்ன காரணம்?

பாய் இல்லாமலும் தமிழர் இந்தக் கடல்களில் போயிருக்கிறார்கள். 2010இல் தாய்லாந்திலிருந்து புறப்பட்ட ‘சன் சீ’ என்ற பழங்கப்பலில் அடைந்துகொண்டு 492 ஈழத்தமிழர்கள் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தார்கள். சொகுசுக் கப்பல் நின்ற காங்கேசன்துறைக்கு அருகே மயிலிட்டி இருக்கிறது. அதன் மீன்பிடித் துறைமுகம் 27 ஆண்டுகள் இராணுவத்தின் பிடியில் இருந்து 2017இல்தான் மக்களிடம் திரும்பியது. கப்பலிலிருந்து இறங்கி நாகதீபமும் நல்லூரும் பார்த்துவரும் நம்மவர்கள், அந்தத் துறையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினால் விடுமுறை கெட்டுவிடுமா?

இன்னும் நெருக்கமான ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். நாம் வாழும் திருவேற்காட்டுக்குக் கடல் தெரியாது. கூவம் மட்டும் நம் ஊரைத் தொட்டுக் கிழக்கே ஓடி, நேப்பியர் பாலத்தருகே கடலைச் சேர்கிறது. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடல்தான் நம்மைத் தேடி வந்தது. மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு புறநகர்த் தெருக்களுக்குள் வந்தார்கள். முடிச்சூரில் முதல் மாடியில் இரவெல்லாம் நின்ற நம் உறவினர் குடும்பத்தை, எழுபது வயதுப் பெரியம்மாவையும் சேர்த்து, அப்படி வந்த படகொன்று மீட்டது. பெரியம்மாவைத் தோளில் தூக்கி இறக்கிவிட்டவர் ஒரு டம்ளர் தேநீர்கூடக் குடிக்காமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அந்த வெள்ளத்தைப் பற்றி நாம் ஒரு நீண்ட கட்டுரை எழுதினோம். நகரத்தின் பேராசை, ஏரிகளின் மரணம் என்றெல்லாம் அதில் இருந்தது. படகுக்காரரின் பெயர் இல்லை. எந்தக் குப்பத்தார் என்பதும் இல்லை. நாம் கேட்கவில்லை. ஆக, ‘கேப்டன்’ என்று எழுதிவிட்டு நகர்ந்த நண்பருக்கும் நமக்கும் பெரிய வேறுபாடில்லை. அவர் பணம் கொடுத்துப் படகில் ஏறினார், நாம் கொடுக்காமல் ஏறினோம்.

எனவே, கடல் விடுமுறைக்குச் செல்லும் எழுத்தாள நண்பர்களிடம் நாம் கேட்பது மிகக் கொஞ்சம். உங்களை ஏற்றிச்சென்றவரின் பெயரை, அவர் சம்மதித்தால், எழுதுங்கள். என்ன காற்று என்று அவரிடமே கேளுங்கள். ஆளில்லாத தீவு என்று எழுதுமுன், அங்கே ஆளில்லாமல் போனது எப்படி என்று ஒருவரையாவது விசாரியுங்கள். இராசேந்திரனைச் சில காலம் ஓய்வெடுக்க விடுங்கள். நெய்தல் கற்பிக்கும் நம்மைப் போன்றோருக்கும் ஒன்று: ஒரு பருவத்தில் ஒரு வகுப்பையாவது கடலோரத்திலிருந்து வந்த மாணவர் நடத்தட்டும், நாம் கீழே அமர்ந்து குறிப்பெடுப்போம்.

சந்திப்பு முடிந்து பேருந்து நிறுத்தம் வரை அந்த மாணவரோடு நடந்தோம். கருமாரியம்மன் கோயில் கூட்டம் தெருவை நிறைத்திருந்தது. “ஏன் அப்படிக் கேட்டாய்?” என்றோம். “இல்ல ஐயா, பாய்னு சொன்னாரே, அதான். எங்க தாத்தா பாய் கட்டித்தான் போவாராம். அப்பாவுக்கு இன்ஜின்தான். ஆனா அப்பாவும் காத்து பாக்காம வலை விடமாட்டாரு” என்றார். பின் சற்று யோசித்து, “நான் தப்பாக் கேட்டுட்டனா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னோம். அதை அவையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்காகவே இதை எழுதுகிறோம்.